அக்காவின் பிறப்புப் பத்திரம்

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு நாள் இருந்தபோது கந்தோரில் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். மன்னார் நகரத்தில் அந்த ஒரே கந்தோரில்தான், இடம்பெயர்ந்து திரிந்த காலம் போக மிச்சம் எல்லா வருடமும், எழுதுவினைஞராக இருந்தேன். மாலை போட்டார்கள். புகழ்ந்து பேசினார்கள். மேசையில் ஒரு கேக், அதன்மேல் சிவப்புக் கிரீமில் அறுபது என்று எழுதியிருந்தது. சாப்பாட்டுப் பார்சல் மட்டும் வந்து சேரவில்லை.

அதுவரைக்கும் பொழுது போக, புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை ஒருத்தி ஒரு விளையாட்டுச் சொன்னாள். கதிரைகளை வட்டமாகப் போட்டு இருந்துகொண்டு, ஒவ்வொருவரும் தன்னைப்பற்றி மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டும்.

காட்டு வழியெல்லாம் பயமில்லாமல் ஜீப் ஓட்டிய எங்கள் சாரதி, தனக்குப் பூனையென்றால் பயம் என்றார். களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர், பள்ளிக்கூட நாடகத்தில் மூன்று தரம் பெண்வேடம் போட்டதாகச் சொல்லி எழுந்து நடந்தும் காட்டினார். எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்யும் தாராபுரத்துத் தோழி, தனக்கு இன்றைக்கும் மீன் முள் எடுக்கத் தெரியாது, கணவர்தான் எடுத்துக் கொடுக்கிறார் என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்கும் ஒரு சின்ன விஷயம் தயாராக இருந்தது. இரண்டு விரலை வாயில் வைத்து நன்றாக விசில் அடிப்பேன், அதைச் சொல்லி அடித்தும் காட்டலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் என் முறை வந்தபோது கண் அந்தக் கேக்கில் போய் நின்றுவிட்டது.

"எனக்கு இன்னும் அறுபது ஆகேல்லை," என்றேன். "நாளையண்டைக்கு வாறது என்ர பிறந்தநாளும் இல்லை. நீங்கள் கூப்பிடுற பேரும் என்ர இல்லை. அது செத்துப்போன என்ர அக்காவின்ர பேர்."

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு முழுவதையும் சொல்லவேண்டியதாயிற்று.

நான் பிறந்து வளர்ந்தது பேசாலையில். அப்பா கடற்றொழில் செய்தவர். எனக்கு முன் அம்மாவுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது, தை மாதத்தில், மூவிராசாக்கள் திருநாளுக்கு அடுத்த கிழமை. அதுதான் முதல் பிள்ளை என்பதால் அப்பா ஆசையோடு போய் உடனேயே பதிந்து பிறப்புப் பத்திரம் எடுத்துவந்தார். பத்து மாதத்தில் அந்தப் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. அடுத்த வருடம், மடு மாதாவின் ஆவணித் திருவிழா முடிந்து மூன்றாம் நாள் நான் பிறந்தேன். அப்போது அப்பா கிழக்குக் கரையில் வாடி போட்டு, அந்தக் குடிசையிலேயே தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தார். அவர் திரும்பிவரப் பல மாதம் ஆயிற்று. கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அரசாங்கத்தில் என்னைப் பதியவில்லை. பிந்திப் பதிவதென்றால் கந்தோர் கந்தோராக அலையவேண்டும், அதற்கு அப்பாவுக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை.

எனக்கு நாலு வயது நடந்தபோது, அடுத்த வளவுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்து நானும் போகவேணும் என்று மூன்று நாள் அழுதேனாம். நாலாம் நாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தலைமை வாத்தியார் பிறப்புப் பத்திரம் கேட்டார். அப்பா என்னை அங்கேயே இருத்திவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து, தகரப் பெட்டியில் கிடந்த கடதாசியை எடுத்துப்போய்க் கொடுத்தார். வாத்தியார் பார்த்து, "ஆறு வயது. பிள்ளை நல்லாச் சிறுத்துப் போனாள்," என்று சொல்லி என்னைச் சேர்த்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா முற்றத்தில் உப்பு மீனை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தா. அந்தக் காட்சி எனக்கு நினைவிருக்கிறதா, அல்லது அம்மா பிறகு சொல்லிச் சொல்லி நினைவு போல ஆகிவிட்டதா, தெரியாது.

"அம்மா, டீச்சர் என்னை வேற பேர் சொல்லிக் கூப்பிடுறா," என்றேன்.

"என்ன பேர்?"

நான் சொன்னேன். அம்மா கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு அப்படியே மணலில் இருந்துவிட்டா. "இன்னொருக்காச் சொல்லு," என்று கேட்டா. சொன்னேன். மூன்றாம் தரமும் சொல்லச் சொன்னா. பிறகு அழத் தொடங்கினா. எனக்கு ஒன்றும் விளங்காமல் நானும் சேர்ந்து அழுதேன்.

அப்பா வந்ததும் பெரிய சண்டை.

"கடதாசி இல்லாமல் எடுக்கமாட்டன் எண்டு வாத்தியார் சொல்லிப்போட்டார். வீட்டில கிடந்தது அது ஒண்டுதான்," என்றார் அப்பா.

"அது என்ர பிள்ளையின்ர பேர்."

"பிள்ளை போயிட்டாள். பேர் சும்மாதானே கிடக்கு? இவள் எடுத்துப் படிச்சிட்டுப் போகட்டும்."

அம்மா ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. அடுத்த கிழமை அவர் வாடிக்குப் புறப்பட்டபோது சோற்றுப் பொதியைக் கையில் கொடுத்து, "சரி, இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னா. அதோடு முடிந்தது.

வகுப்பில் நான்தான் ஆகச் சின்னவள். முன்வாங்கில் இருந்தாலும் கால் நிலத்தில் முட்டாது. ஆனால் எப்படியோ படிப்பு ஏறியது. வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் என்று வாழ்வது எங்கள் ஊரில் புதுமையும் இல்லை, ஒருவரும் தோண்டிக் கேட்கவும் இல்லை.

சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்த அன்று, அம்மா என்னைக் குளித்து வெளிக்கிடச் சொன்னா. கோயிலுக்குத்தான் என்று நினைத்தேன். கூட்டிக்கொண்டு போனது சேமக்காலைக்கு. சிலுவைகளுக்கு நடுவில் ஒரு சின்ன மண்மேட்டின் முன்னால் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, "வாசி," என்றா.

"என்னத்தை?"

"முடிவை. அவளின்ர பேரிலதானே வந்திருக்கு. அவளுக்குக் கேட்கட்டும்."

பக்கத்தில் யாரோ நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆனாலும் பெயரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பாடமாக வாசித்தேன். அம்மா குனிந்து, "கேட்டியே பிள்ளை?" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னா.

அந்த வயதில் எனக்கு அக்காமேல் கோபம் இருந்தது. இதை நான் அன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. விழுந்து விழுந்து படித்தவள் நான், பெயர் எடுத்தவள் அவள் என்று மனதுக்குள் பொருமுவேன். அலுமாரியில் இருந்த சான்றிதழ் எல்லாம் அவளுடையது. எனக்கென்று இருந்தது கோயில் பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி. பிறகு சண்டைக் காலத்தில் நாங்கள் ஊரை விட்டு ஓடியபோது, அம்மா அந்தப் பிறப்புப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஓடினதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

கல்யாணம் பேசியபோது இன்னொரு கூத்து. கோயிலில் ஞாயிறு பூசையில் கல்யாண அறிவித்தலுக்கு என் ஞானஸ்நானப் பெயரை வாசித்தார்கள். பதிவுத் திருமணத்துக்கு அக்காவின் பெயரை எழுதினார்கள். ஓலைத்தொடுவாயிலிருந்து வந்த மாப்பிள்ளை குழம்பிப்போய், "இதில நான் ஆரைக் கட்டப்போறன்?" என்று என் தம்பியிடம் கேட்டாராம். விஷயம் தெரிந்தபிறகு என்னோடு கோபம் வரும்போதெல்லாம், "மற்றவ இருந்திருந்தா இப்படிக் கதைச்சிருக்க மாட்டா," என்று சொல்லப் பழகிவிட்டார்.

இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும்போது பார்சல் வந்து வாசலில் இருந்தது. ஒருவரும் எழும்பவில்லை. கணக்குப் பகுதித் தம்பி அதற்குள் கணக்குப் பார்த்துவிட்டார்.

"அப்ப உங்களுக்கு இன்னும் ஒண்டரை வருசத்துக்கு மேல சேவை இருக்கு அக்கா! ஞானஸ்நானப் பத்திரம் இருக்குத்தானே? சத்தியக்கடதாசி ஒண்டு முடிச்சுத் திருத்தப் பாருங்கோவன்."

"இவ்வளவு வருசம் அவளின்ர பேரில கையெழுத்து வைச்சிட்டன் தம்பி," என்றேன். "இப்ப போய் அவளை வெட்டிவிடச் சொல்லுறீங்களோ?"

எழும்பிப் போய்க் கத்தியை எடுத்தேன். கேக்கை வெட்டினோம்.

மாலையில் வழக்கம்போல் நானும் தாராபுரத்துத் தோழியும் தலைமன்னார் பஸ்ஸில் ஏறினோம். அவர் தாராபுரத்தில் இறங்கிவிடுவார், நான் பேசாலைவரை போகவேண்டும். பஸ் வெளிக்கிட்டதும் அவர் என் பக்கம் திரும்பினார். திடீரென்று, "உங்கட ராத்தா எப்படிப் பிள்ளையாம்?" என்று கேட்டார்.

முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். அப்படியொரு கேள்வியை என்னிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அம்மா போய் ஏழு வருடம். அம்மாவிடம் நானும் அதிகம் கேட்டதில்லை.

"கீழ ரெண்டு பல் முளைச்சிருந்ததாம்," என்றேன். "அம்மாவின்ர காதைப் பிடிச்சுக்கொண்டுதான் நித்திரை கொள்ளுமாம். கோயில் மணி அடிச்சா சிரிக்குமாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவர் தலையாட்டினார். பிறகு விரல் விட்டு எதையோ எண்ணினார். எண்ணி முடித்ததும் என் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டார்.

"அல்லாஹ்! அப்ப நான்தானே உங்களுக்கு மூத்தவ! இவ்வளவு காலமும் அக்கா, அக்கா எண்டு கூப்பிட்டு மரியாதை குடுத்தேனே!"

அவர் சிரித்த சிரிப்பில் கொண்டக்டர் திரும்பிப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு வந்து கண்ணில் நீர் வழிந்தது. தாராபுரத்தில் இறங்கும்போது, "மடுத் திருவிழா முடிஞ்சு மூணாம் நாள் எண்டுதானே சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

ஆவணியில் அந்த நாள் வந்தபோது நான் அதை மறந்துபோயிருந்தேன். காலை பத்து மணியிருக்கும், வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். தோழியும் கணவரும். கையில் துணியால் கட்டிய ஒரு பாத்திரம், அதில் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம்.

"தங்கச்சி, பிறந்தநாள் வாழ்த்துக்கள்," என்றார் தோழி, வாசல் நிலையில் நின்றபடி.

எனக்கு இரண்டு தம்பிமார்தான். தங்கச்சி என்று என்னைக் கூப்பிட வீட்டில் ஒருவரும் இருந்ததில்லை. "வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ," என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அவர் உள்ளே வந்து கதிரையில் இருந்தார், பாத்திரத்தின் கட்டை அவிழ்த்தார். "அக்கா, தட்டும் கரண்டியும் எடுத்து வாங்கோ," என்றார். சொன்ன பிறகுதான் கவனித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவருக்கும் வாய் பழகிப்போய்விட்டது. இப்போதும் போன் எடுத்தால் அக்கா என்றுதான் தொடங்குகிறார்.