மல்லிகாவுக்காக அழுத அம்மா

பாரிவாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போனபோது, டி.வி. முன்னால் உட்கார்ந்து அம்மா வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். தினமும் பார்க்கிற சீரியலில் மல்லிகாவைச் சாகடித்துவிட்டார்களாம்.

"பெத்த பொண்ணு மாரி இருந்தாடி" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. போன வருஷம் எனக்குப் பெரிய ஆபரேஷன் நடந்தபோது அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை.

"பெத்த பொண்ணு நான்தான். எனக்காக இப்படி அழுதியா?" என்று கேட்டே விட்டேன்.

அம்மா டி.வி.யை அணைத்தாள். "நான் அழுதா நீ பயந்துடுவேன்னு, ஆஸ்பத்திரி பாத்ரூம்ல கொழாயத் தொறந்து வுட்டுகினு அழுதேன்டி. இவளுக்கு அழுதா யாரு பயப்படப் போறாங்க?"

அந்தத் தண்ணீர்ச் சத்தம் படுக்கையிலிருந்த எனக்கும் கேட்டது. முகம் கழுவ இவ்வளவு நேரமா என்று அன்று எரிச்சல்தான் பட்டேன்.

மல்லிகா மேல் பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை. அவளுக்காக அம்மாவால் சத்தம் போட்டு அழ முடிந்ததே.