வேலைக்காரி இல்லாத ஏழு நாள்

என் வீட்டுக்காரருக்கு எளிமைப் பைத்தியம் பிடித்தது யாரோ ஒருவருடைய சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வந்த பிறகுதான். மைசூரில் ரயில்வே ஆபீஸ் உத்தியோகம் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் இரண்டு குழந்தைகளையும் உட்கார வைத்து, அந்த வாரம் எதை விடப்போகிறோம் என்று அறிவிப்பார். ஏழு நாள் முடியும்வரை யாரும் பின்வாங்கக் கூடாது. அது அவர் போட்ட சட்டம்.

முதல் வாரம் காபி போயிற்று. மண்டையைப் பிளந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டாவது வாரம் ஜட்கா வண்டி. மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வந்தேன். சொல்லப்போனால் எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது.

மூன்றாவது வாரம், "வேலைக்காரி வேண்டாம். நம்ம வேலையை நாமே செஞ்சுக்கலாம்" என்றார்.

பாத்திரம் தேய்க்க வருகிறவள், தன்னை ஒரேயடியாக நிறுத்துகிறோம் என்று நினைத்து, "நானேனு தப்பு மாடிதே, அம்மாவரே?" என்று கண் கலங்கினாள். நீ ஒரு தப்பும் செய்யவில்லை, சம்பளத்திலும் கை வைக்க மாட்டோம், அடுத்த ஞாயிறு வா என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

அப்போது நான் பெண்கள் சங்கத்தில் மத்தியான வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஊரில் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். மைசூருக்கு வந்து எட்டு வருஷமாகியும் கடைப் பலகையைக்கூடப் படிக்கத் தெரியாமல் திரிந்தவள். கன்னடப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. மூன்று நாள் வராதவர்களைப் பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன் என்று டீச்சரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, நான்கு பேர் துணியைத் துவைத்து, பாத்திரத்தைக் கவிழ்த்து நிமிர்ந்தபோது மணி மூன்று. வகுப்பு முடிந்திருக்கும். செவ்வாயும் அப்படியே. அன்று சாயங்காலம் அவர் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "பார்த்தியா, வேலைக்காரி இல்லாமலே வீடு எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்தால் எறிந்திருப்பேன்.

புதன்கிழமை காலை சமைத்தேன். பரிமாறினேன். நான் சாப்பிட்ட தட்டை மட்டும் கழுவினேன். என் புடவையை மட்டும் துவைத்தேன்.

"என்ன இது?" என்றார், எச்சில் தட்டைக் காட்டி.

"வேலைக்காரி வேண்டாம்னு சொன்னது நீங்கதானே? நான் மட்டும் எதுக்கு வேலைக்காரியா இருக்கணும்? அவங்கவங்க தட்டு, அவங்கவங்க துணி, அவங்கவங்க தண்ணி. ஏழு நாள் பின்வாங்கக் கூடாது."

அவர் முகம் சிவந்தது. என் பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் தான் போட்ட சட்டத்தைத் தானே எப்படி மீறுவது? ஆபீசுக்குப் போகுமுன் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார். வரிசையில் நின்ற பெண்கள் நகர்ந்து வழிவிட்டார்களாம். அதில்தான் மானம் போயிற்று என்று வந்து சொன்னார். மத்தியானம் நான் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வகுப்பில் டீச்சரம்மா ஏன் இரண்டு நாள் வரவில்லை என்றார். வீட்டில் எளிமை என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கவும் எனக்கு நேரமில்லை. இரண்டு பாடம் பாக்கி இருந்தது.

வியாழன் அவர் வேட்டியில் சோப்பு போகாமல் காய்ந்து மொடமொடத்தது. வெள்ளி, தட்டில் சாம்பார் வாசனை அடித்தது, அதிலேயே சாப்பிட்டார். மனசு இளகத்தான் இளகியது. கை மட்டும் நீளவில்லை. நீண்டிருந்தால் மறுநாள் மறுபடி எல்லாம் என் தலையில்தான் வந்து விழுந்திருக்கும்.

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, முடிஞ்சது. நாளைக்கு அவளை வரச் சொல்லிடு" என்றார்.

"வரட்டும். பாத்திரம் தேய்க்கட்டும். ஆனா நீங்க சாப்பிட்ட தட்டை நீங்கதான் கழுவணும்."

"இது எத்தனை நாளைக்கு?"

"இதுக்கு நாள் கணக்கு கிடையாது" என்றேன்.

பரீட்சையில் தேறினேன். அவர் தட்டை அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை.