சுண்ணாம்புப் பொட்டு வைத்த ஓடு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் அந்த ஓட்டுத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் காத்தான்குடியில் பலர் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களில் ஒருவர்கூட இதைக் கட்டுக்கதை என்று சொன்னதில்லை.

1933, மாரி தொடங்கும் காலம். ஹமீட் மறுநாள் காலை ரயிலேற வேண்டும். கொழும்பில் கப்பல். அதன் பிறகு ரங்கூன்! பொன் வேய்ந்த கோபுரம், தெருவெல்லாம் மின்விளக்கு, ட்ராம் வண்டி. அங்கே ஒரு துணிக்கடையில் பங்காளியாகப் போகிறான். தறிச் சத்தம் கேட்டுக் காது புளித்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

பங்கு எப்படிக் கிடைத்தது என்பதுதான் வெட்கக்கேடு. இந்த ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு. வாப்பா இல்லாவிட்டால் காக்கா, அதாவது அண்ணன்தான் கட்டிக் கொடுக்க வேண்டும். வீடில்லாத குமருக்கு மாப்பிள்ளை வரமாட்டான். ஹமீடும் தங்கை றஸீனாவுக்காக ஊர் எல்லையில் சுவர் எழுப்பினான், ஓடு வாங்கி அடுக்கினான். களவு போனால் அடையாளம் காண, ஒவ்வோர் ஓட்டின் உட்பக்கமும் றஸீனா விரலால் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்தாள். களவு போகவில்லை. காக்காவே அள்ளிப் பக்கத்து ஊரான கல்லடியில் வல்லிபுரத்துக்கு விற்று, அந்தக் காசில் பங்கு வாங்கிவிட்டான். பேசி வைத்த மாப்பிள்ளை கழன்று கொண்டான். றஸீனா காய்ச்சலில் விழுந்தாள். பயணத்தைத் தடுக்க நடிக்கிறாள் என்றான் ஹமீட். கல்நெஞ்சக்காரன்!

தூரப் பயணம் போகிறவன் வீடு வீடாகப் போய், "குத்தம் குறை இருந்தாப் பொருந்திக்கங்க" என்று மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒருவர் பொருந்தாவிட்டாலும் போன இடம் விளங்காது. ஊரெல்லாம் பொருந்தியது. அன்று பின்னேரம் ஹமீட் கல்லடிக்கும் போனான்.

"எனக்கென்ன தம்பி கோவம்? ஓடு ஒண்டும் உடையல்ல. போயித்து வா" என்றார் வல்லிபுரம், தன் புதுக் கூரையைக் காட்டி.

இனி றஸீனா மட்டும்தான்.

வாவிக்கரையால் நடந்து வந்தான். ஊர் எல்லையை நெருங்கும்போது அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. தூறல் விழுந்தது. கூரையில்லாத அந்தச் சுவர்களுக்குள்ளே யாரோ இருந்தார்கள்...

உள்ளே போனான். றஸீனா சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தாள். தலையில் வெள்ளைத் துணி.

"காச்சல் அதுக்குள்ள சுகமாயித்தோ?"

அவனுடைய சட்டை நனைந்திருந்தது. நிலமும் நனைந்திருந்தது. அவளைச் சுற்றி மட்டும் மண் காய்ந்து கிடந்தது.

"விடிஞ்சாப் போறன். பொருந்திக்க புள்ள."

"ரங்கூன்ல உன்ட வீட்டுக்குக் கூரை இருக்கா காக்கா?"

குரல் அவளுடையதுதான். முகம் திரும்பவில்லை.

ஹமீடுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. "அஞ்சு மாடி! உனக்கும் கூரை வேணுமெண்டா அங்க வந்து கேளு."

"ஓம்... வாறன்."

டொக்.

மேலே... ஓட்டின்மேல் ஓடு வைக்கும் சத்தம்.

டொக்... டொக்...

நிமிர்ந்து பார்த்தான். சாம்பல் வானம். அதன் ஓரத்தில் ஒரு கறுப்பு.

டொக்.

கறுப்பு ஓர் ஓட்டளவு வளர்ந்தது.

தூறல் அவன்மேல் விழவில்லை. தலைக்கு மேலே எதிலோ விழுந்து சடசடத்தது...

ஓடினான்.

வீட்டு வாசலில் சனம். சின்னம்மா முறையான சாச்சி ஆயிஷா உம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தாள்.

"எங்கடா போன நீ? பொழுது சாய முன்னமே, அசறோட மௌத்தாயித்தாள்டா! 'கூரை மூடியாச்சா சாச்சி'ண்டு கேட்டுக் கேட்டுக் கிடந்தாள். மூடியாச்சு மகள் எண்டு பொய் சொன்னன். அதுக்குப் பொறகுதான் கண்ணை மூடினாள்."

ஹமீட் அழவில்லை. விடிந்ததும் பெட்டியைத் தூக்கினான். அடக்கம் செய்யாத ஜனாஸா இன்னும் வீட்டில் கிடந்தது.

"கப்பல் எனக்காக நிக்காது சாச்சி" என்றான்.

கூடப் போன கச்சி முகம்மது சில மாதங்களில் தனியே திரும்பி வந்தான். ஐந்து மாடிக் கட்டடம். மூன்றாம் மாடியில் ஓர் அறையில் இருவரும் படுத்தார்களாம். மேலே இன்னும் இரண்டு மாடி. உச்சியில் சாந்து பூசிய தட்டைக் கூரை. ஓடு என்ற பேச்சே கிடையாது.

ஒருநாள் விடியற்காலை, டொக் என்று ஒரே ஒரு சத்தம். கச்சி முகம்மது விளக்கைப் போட்டான். ஹமீடின் நெற்றி பிளந்திருந்தது. தலையணையில் உடைந்த ஓடு, அதன் உட்பக்கத்தில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு.

கச்சி முகம்மது அந்தத் துண்டைக் கல்லடிக்குக் கொண்டு போனான். வல்லிபுரம் புரட்டிப் பார்த்தார். அவனை உள்ளறைக்குக் கூட்டிப் போய் மேலே காட்டினார். கூரையில் ஓர் ஓட்டளவு வானம் தெரிந்தது.

"ரெண்டு மாசமா ஒழுகுது தம்பி. ஓடு விழுந்த சத்தம் கேக்கல்ல. நிலத்தில ஒரு துண்டும் கிடக்கல்ல."

சொல்லிக்கொண்டே துண்டின் உட்பக்கத்துப் பொட்டைத் தடவினார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

விரலில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பொட்டு இன்னும் காயவில்லை.