கதவு இல்லாத நாடு

பால் பொங்கி வழிந்துவிடுமோ, பஸ் போய்விடுமோ என்று இன்றும் பதறுகிறவள் நான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாலும் இந்தப் பதற்றத்தை விட முடியவில்லை. அதற்கு முதலில் தீனி போட்டது, நான் சிறுமியாக இருந்தபோது சித்தப்பா வாசித்த ஒரு நாவல்.

சித்தப்பா தென்காசி நூலகத்திலிருந்து, அட்டை கிழிந்த புத்தகமாகத் தேடி எடுத்து வருவார். சாயங்காலம் நடுக்கூடத்தில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான வருஷமே கணவர் இறந்துவிட, எங்கள் வீட்டோடு வந்தவள். வாசல் பக்கம் அவள் தலைகாட்டக் கூடாது என்பது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம்.

நாவலில் ஒரு நாடு. அங்கே சர்க்கார் எல்லா வீட்டுக் கதவுகளையும் கழற்றிக்கொண்டு போய்விடுகிறது. யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்தபடி ஆட்கள் தெருத்தெருவாக நடக்கிறார்கள். புத்தகம் வாசிக்கிறவனைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொள்ள முடிவதும் சுதந்திரம்தான் என்று சித்தப்பா விளக்கினார்.

“அப்பம் அந்த ஊர்ப் பொம்பளையெல்லாம் வீட்டுக்குள்ள இருந்தே தெருவப் பாக்கலாமா?” என்று அத்தை கேட்டாள்.

“நல்லாக் கதை கேட்ட, போ! அங்கன மனுசன் தவிக்கான், இவளுக்கு வேடிக்கை பாக்கணுமாம்” என்றார் சித்தப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷம் குற்றாலத்தில் சீசன் பலமாக இருந்தது. சாரல் எங்கள் தெருவரை வந்து கதவையெல்லாம் ஊற வைத்தது. ஊறிய கதவு உப்பிக்கொள்ளும், தாழ்ப்பாள் சேராது. சாரல் ஓயும்வரை பொறுத்திருந்து இழைப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அப்பாவுக்குப் பொறுமை கிடையாது. ஒரு நாள் காலை நான் கண் விழித்தபோது, யாரோ எங்கள் வாசல் கதவை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டி மெல்ல நகர்ந்து, தெருமுனையை மூடிய மஞ்சுக்குள் கரைந்து போயிற்று.

வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சித்தப்பாவைத் தேடினால், அவரையும் காணோம். வாசல் நிலையில் இரண்டு கைகளையும் விரித்து நின்று அழுதேன்.

“ஏட்டி, என்னத்துக்கு இப்படி அழுத?” என்று உள்ளிருந்து அத்தை கேட்டாள்.

சொன்னேன். கதவை ஆசாரிதான் இழைக்கக் கொண்டுபோகிறார், சித்தப்பா அருவிக்குக் குளிக்கப் போயிருக்கிறார் என்றாள். நான் நம்பவில்லை. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, ஒத்தையில நிக்காத. நானும் காவலுக்கு இருக்கேன்” என்றாள்.

மத்தியானம் சித்தப்பா ஈரத்தலையோடு வந்து சேர்ந்தும் எங்கள் காவல் ஓயவில்லை. தினமும் அப்பா கடைக்குப் போய், அம்மா கண்ணயர்ந்ததும் தொடங்கும். முதலில் சுவர் மறைவில் இருந்த அத்தை, பிறகு நிலைப்படிக்கே வந்துவிட்டாள். ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு போகிற வெளியூர்க்காரர்கள், குடைக்குள் சண்டை போடும் புருஷன் பெண்டாட்டி, நனைந்த ஆடுகள். எல்லாம் கனவில் போல மஞ்சிலிருந்து வந்து மஞ்சுக்குள்ளேயே போகும்.

“மலைல வெள்ளையாத் தெரியுதே, அது அருவியா, மேகமா?”

“மேகம் அத்தை.”

“இருக்கட்டும். நாம அருவின்னே வச்சுக்கிடுவோம்.”

ஒரு மத்தியானம் ஆசாரி கதவோடு வந்து நின்றார். அத்தை தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். அந்நிய ஆண்களிடம் அவள் நேரே பேசுவதில்லை, என் வாய்வழியாகத்தான். கதவை மாட்டி முடித்ததும், “ஏட்டி, இன்னும் இழுத்துப் பிடிக்கும்போல இருக்குன்னு சொல்லு. இன்னொரு தடவ கொண்டுபோயி இழைச்சுட்டு வரச் சொல்லு” என்றாள்.

கதவு மறுபடியும் போவதாவது! ஓடிப்போய் இரண்டு பக்கக் கதவையும் இழுத்துச் சாத்தினேன். சத்தமே இல்லாமல் சேர்ந்தன. தாழ்ப்பாள் வெண்ணெயாக வழுக்கிப் போய் விழுந்தது.

“இல்ல அத்தை! நல்லா அடையுது, பாரு!”

“பிள்ளையே சொல்லிட்டுல்லா!” என்று வெளியே ஆசாரி சிரிப்பது கேட்டது. வண்டி போய்விட்டது.

கூடம் இருட்டாகி, பத்திரமாக இருந்தது. அத்தை வந்து நிலைப்படியருகே, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். விளக்கேற்றும் நேரம் வந்தும் எழுந்திருக்கவில்லை. இத்தனை நாள் காவலிருந்த அசதி, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்று நினைத்து, நான் சத்தம் போடாமல் நடந்தேன்.