அப்பா பெயரில் ஒரு டோக்கன்

அப்பா வேலைக்குப் பயிற்சிக் காலம் கிடையாது. சேர்ந்த அன்றைக்கே முழுப் பொறுப்பு. என்னைப் போல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது தெரியும். செங்கல்பட்டில் பிரசவம் முடிந்து, மனைவி ரேவதியையும் மகளையும் புதுப்பட்டினத்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குள் ஒரு குழந்தை டாக்டரை முடிவு செய்ய வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான் என்பதால் அம்மா ஒதுங்கிக்கொண்டார். "நீ படிச்சவன், நீயே பாரு." தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அவதி மகளுக்கு, பழி என் படிப்புக்கு.

கைராசி

எதிர் வீட்டு சாந்தி அக்கா மீன் விற்கிறவர், மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். பஜாரில் இருக்கும் ஒரு டாக்டரைச் சொன்னார். "என்ன படிச்சிருக்காருக்கா?" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படிப்பு இன்னாத்துக்கு? கைராசி கீது. எம் பையன் அவரு சட்ட மேல ஒன்னுக்குப் போனான், அப்பவே ஜுரம் வுட்டுச்சி."

நேர்காணல்

ஆளைப் பார்க்காமல் எப்படி முடிவு செய்வது? ஒரு மாலை நான் மட்டும் அந்த டாக்டரிடம் போனேன். டோக்கன் கொடுக்கும் பெண் கேட்டார்.

"கொழந்த எங்க சார்?"

"வீட்ல. நல்லா இருக்கு."

"அப்போ யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்லைங்க. டாக்டரைப் பாத்துட்டுப் போலாம்னு."

என் பெயரையும் வயதையும் கேட்டு டோக்கன் போட்டுவிட்டார். உள்ளே போனதும் டாக்டர் எனக்குப் பின்னால் குழந்தையைத் தேடினார். நான் விஷயத்தைச் சொல்லி, தயாரித்து வைத்திருந்த கேள்விகளில் முதல் கேள்வியை ஆரம்பித்தேன்.

"இருபத்தாறு வயசுக்கு இங்க ஊசி இல்ல தம்பி. அடுத்த ஆள அனுப்புங்க."

நட்சத்திரம்

படூர் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கை பிரவீன், "ரேட்டிங் பாரு மச்சான்" என்று வழி காட்டினான். செங்கல்பட்டு டாக்டர் ஒருவருக்கு நாலரை நட்சத்திரம். ஒரே ஒருவர் மட்டும் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார். காரணம், வண்டி நிறுத்த இடமில்லை. அதை வைத்துக்கொண்டு நான் இரவுச் சாப்பாடு முழுக்கக் குழம்பினேன். ரேவதி சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்.

"நம்ம பாப்பா கார் ஓட்டும்போது அதப் பத்திக் கவலப்படலாம்."

விளக்கெண்ணெய்

பிறந்து ஒரு மாதம் தாண்டியதும், மகள் சில நாட்களாக வெளிக்குப் போகவில்லை. அம்மா விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டார். "இருங்கம்மா, டாக்டரைக் கேட்டுடலாம்" என்றேன். "நீ டாக்டரு புடிக்கிறதுக்குள்ள புள்ள ஸ்கூலுக்கே போயிடும்" என்றார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. திறந்திருந்தது பக்கத்துத் தெரு குழந்தை டாக்டரம்மாவின் கிளினிக் மட்டும்தான். ஊசி போடமாட்டார், மருந்தும் எழுதமாட்டார் என்று தெருவில் அவர் மேல் புகார். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், எடை பார்த்தார், பால் குடிப்பதையும் சிறுநீர் போவதையும் ரேவதியிடம் விசாரித்தார். "நல்லா இருக்கா. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை இப்படி இருக்கும். விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லாக் கேள்வியும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். வாசல் வரை போய், இன்னொரு கேள்வியோடு திரும்பி வந்தேன். அவர் ஒரு துண்டுச் சீட்டில் போன் நம்பரை எழுதி நீட்டினார்.

"பயமா இருந்தா கூப்பிடுங்க. பயம் இல்லன்னாலும் நீங்க கூப்பிடுவீங்க, பரவால்ல."

தடுப்பூசிக்கு அவரிடமே போனோம். 'குழந்தைகளுக்கும் அவர்களின் அப்பாக்களுக்கும்' என்று பலகையிலேயே எழுதி வைத்திருந்தால் எனக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.