மாலை போட்ட முகம்

வேதாவைப் பற்றி எழுதுவதென்றால் என் திமிரிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1977இல் திருவண்ணாமலையில் பி.ஏ. முதலாண்டு சேர்ந்தபோது, உலகத்தில் படம் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பு எனக்கு. செங்கம் ரோட்டில் வாடகை அறை. போட்டோவே எடுக்காமல் செத்துப்போனவர்களுக்குக் கரிப்பென்சிலில் முகம் வரைந்து கொடுப்பேன். வீட்டார் அடையாளம் சொல்வார்கள், நான் வரைவேன், அவர்கள் அழுவார்கள். அழுதுவிட்டால் படம் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம். கலையைப் பற்றி அன்று எனக்கிருந்த ஞானம் அவ்வளவுதான்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஜோதியம்மாள் வந்தார். மணிலாக்கொட்டை பயிர் செய்கிற குடும்பம். மூத்த மகள் பச்சையம்மாள் பதினாறு வயதில் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். கல்யாணமாகாமல் இறந்த பெண் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி. விசேஷம் எதுவானாலும் அவளுக்குப் படைத்துவிட்டுத்தான் மற்றது. கும்பிட ஒரு முகம் வேண்டும் என்று வந்திருந்தார். கூடவே இளையவள் வேதா. அவளுக்கு அப்போது பதிமூன்று வயது.

அடையாளம் கேட்டால், மகாலட்சுமி மாதிரி இருப்பாள் என்பார் ஜோதியம்மாள். மூக்கு எப்படி என்று கேட்டால் அழுகை வந்துவிடும். மூன்று முறை வரைந்தேன். மூன்று முறையும், இது யாரோ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான்காம் முறை, அவர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வேதாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அவள் முகத்தை அப்படியே போட்டு, மூன்று வயது கூட்டி, புடவை கட்டிவிட்டேன்.

திரும்பி வந்த ஜோதியம்மாள் ஒரு நிமிஷம் பார்த்தார். "வந்துட்டியா கண்ணு" என்று படத்தை மடியில் கிடத்திக்கொண்டார். வேதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பென்சிலைச் சீவுவது போலக் குனிந்துகொண்டேன்.

அந்த வாரம் என் நோட்டில் பெரிய கேள்வியெல்லாம் எழுதினேன். ஒரு முகம் யாருக்குச் சொந்தம்? அதைச் சுமக்கிறவளுக்கா, பார்க்கிறவர்களுக்கா, வரைந்தவனுக்கா? வரைந்தவனுக்கு என்று பதிலும் எழுதி, அடிக்கோடு வேறு போட்டேன். இன்று அந்தப் பக்கத்தை நினைத்தால் கூசுகிறது.

ஆடி மாதப் படையலுக்கு வருஷா வருஷம் என்னைக் கூப்பிடுவார்கள். படம் நடுவீட்டில் மாலையும் குங்குமமுமாக இருக்கும். முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வருஷம், சின்னவளுக்கு அக்கா சாயல் வருகிறது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். மூன்றாம் வருஷம் வேதா காபி கொண்டுவந்து கொடுத்தபோது நான் அவள் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். படத்தில் இடது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டு இருக்கும். அது என் பென்சில் வழுக்கிய இடம். வேதாவின் இடது புருவத்திலும் அதே இடத்தில் வெட்டு. கிணற்றுமேட்டில் விழுந்து கல் குத்தியதாம், போன மாதம்தானாம். எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் படையல் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

1981இல் பெண் பார்க்க வந்தவர்கள் தட்டைத் தொடாமல் எழுந்து போனார்கள். எதிரே நிற்கிற பெண்ணின் முகம்தான் சுவரில் மாலையோடு இருந்தது. உயிரோடு இருப்பவள் படத்துக்கு மாலை போட்ட வீட்டில் யார் சம்பந்தம் வைப்பார்கள்? அடுத்து வந்தவர்களும் அப்படியே போனார்கள். படத்தை உள்ளறைக்கு மாற்றச் சொன்னால் ஜோதியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. பச்சை நடுவீட்டில்தான் இருப்பாள் என்றார்.

வேதா என் அறைக்கே வந்துவிட்டாள். நான் அப்போது தபால் மூலம் தத்துவத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன்.

"அது அக்கா இல்லண்ணா. அக்காவுக்கு மூக்கு சப்பை. அம்மா அழுதாங்களேன்னுதான் அன்னிக்கு நான் வாயத் தொறக்கல. வெள்ளிக்கிழமை அம்மா படத்துக்குப் பொட்டு வெக்கும்போது எனக்கு நெத்தியில ஜில்லுன்னு இருக்கு. நீங்களே வந்து சொல்லிடுங்க."

மறுநாள் போய்ச் சொன்னேன். படத்தில் இருப்பது வேதா, பச்சை இல்லை, தப்பு என்னுடையது என்றேன். திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று எதிர்பார்த்தேன். ஜோதியம்மாள் படத்தைப் பார்த்தார். பிறகு வேதாவை வெகுநேரம் பார்த்தார். வழி கேட்பவரைப் போலச் சாதாரணமாகக் கேட்டார்.

"அதுல இருக்கறது வேதான்னா, இவ யாரு தம்பி?"

வேதாவின் அப்பா அப்பாதுரை காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தத்துவம் படிக்கிற நான் அப்பாதுரையைப் பார்த்தேன். வேதாதான் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"நாந்தாம்மா. பச்சை."

ஜோதியம்மாள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு, போனது சின்னவளா என்று கேட்டு, வேதாவுக்காக ஒப்பாரி வைத்து அழுதார். சின்னப் பிள்ளை, நடுவீட்டில் தனியாக இருந்தால் பயப்படுவாள் என்று அவரே படத்தைக் கழற்றி உள்ளறையில் மாட்டினார்.

பஸ் நிறுத்தம் வரை வேதா என்னோடு வந்தாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று அவளிடம் கோபப்பட்டேன். கோபப்பட எனக்கு என்ன யோக்யதை?

"அம்மாவுக்கு ஒருத்திதாண்ணா வேணும். நான் அந்த ஒருத்தியா இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

நாலு மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பத்திரிகையில் மணமகள் பெயர் பச்சையம்மாள் என்று அச்சாகி வந்தது. ரேஷன் கார்டில் மட்டும் அவள் வேதாவாக இருந்தாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்பாதுரை என்ன சொன்னாரோ, நான் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பூவாடைக்காரிக்குப் படையல். உள்ளறையில் படத்தின் முன்னால் புதுப்புடவை, வளையல், சோறு எல்லாம் வைத்திருந்தார்கள். இறந்தவளைப் பெயர் சொல்லி மூன்று முறை அழைக்க வேண்டும். ஜோதியம்மாள் கற்பூரத்தை ஏற்றி, "வேதா, வாம்மா" என்று கூப்பிட்டார். எல்லோரும் கைகூப்பி நின்றோம். இரண்டாம் முறையும் கூப்பிட்டார். மூன்றாம் முறை அவர் குரல் உடைந்தது.

என் பக்கத்தில் மஞ்சள் பூசி நின்றிருந்த மணப்பெண், பிறந்ததிலிருந்து இருந்த பழக்கத்தில், "தோ வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டாள்.

ஜோதியம்மாள் திரும்பவில்லை. "கேட்டுச்சா, எம்பொண்ணு வந்துட்டா" என்று படத்தின் முன்னால் விழுந்து அழுதார். வீடே விழுந்து கும்பிட்டது. வேதா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு அவளும் விழுந்து கும்பிட்டாள்.