ஒருமனதாகப் போட்ட கையெழுத்து

காரைக்குடியில் ஓர் அரசு அலுவலகத்துக்கு எதிரே எனக்கு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஜெராக்ஸ் பெயருக்குத்தான். உண்மையான தொழில் படிவம் நிரப்பிக் கொடுப்பது. வருமானச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் எதுவானாலும் என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் சாலையைக் கடக்கும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மீதிப் பாதி பட்டதாரிகள்; அவர்களுக்கும் அந்தப் படிவம் புரியாது. ஜனங்களுக்கு எழுத்து பிடிபடாதவரை என் வீட்டில் அடுப்பு எரியும். இப்படிப்பட்ட என்னைத்தான் எங்கள் ஊரில் எழுத்தறிவு வகுப்பு நடத்தத் தேர்ந்தெடுத்தார்கள்.

எங்கள் ஊர் குன்றக்குடிப் பக்கம். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ஒருநாள் என்னை அழைத்து, வயது வந்தவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் திட்டம் வந்திருக்கிறது, தன்னார்வலர் ஒருவர் வேண்டும் என்றார். "நீங்க எம்.ஏ. படிச்சிருக்கீக. உங்களை விட்டா ஆளில்லை" என்றார். ஊரில் எம்.ஏ. படித்த மற்ற நான்கு பேரும் முன்னமே கையை விரித்துவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சம்பளம் கிடையாது, சான்றிதழ் உண்டு என்றார். சான்றிதழின் அருமை என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒப்புக்கொண்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்றாம் வகுப்பு அறையில் வகுப்பு. பதினெட்டுப் பெண்கள் வந்தார்கள். ஆண்கள் யாரும் வரவில்லை; எங்கள் ஊர் ஆண்களுக்கு எல்லாம் முன்பே தெரியும். முதல் நாள் ஓர் அதிகாரி வந்து ஒவ்வொருவர் கையிலும் சிலேட்டைக் கொடுத்துப் படம் எடுத்தார். எடுத்து முடித்ததும் சிலேட்டுகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார், அடுத்த ஊரில் படம் எடுக்க வேண்டுமாம். ஜீப்பில் ஏறும்போது என்னிடம், "கையெழுத்துப் போடப் பழக்கிடுங்க சார், அது போதும்" என்றார்.

பழக்கினேன். இரண்டு வாரத்தில் பதினேழு பேர் தங்கள் பெயரை நோட்டில் வரைந்தார்கள். வரைந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கோலம் போட்டுப் பழகிய கைகள், சுழி பிசகாமல் வந்தது. படிப்பு முடிந்துவிட்டது என்று பாதிப் பேர் அத்தோடு நின்றும்விட்டார்கள்.

பதினெட்டாவது ஆள் ஆடு வளர்க்கிற ஓர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை, மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார். கையெழுத்துப் பாடத்தின்போது நோட்டைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தார். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"கையெழுத்து எனக்கெதுக்குத் தம்பி? இம்புட்டு நாளா கட்டைவிரலே போதும்னுதானே வாங்கிக்கிட்டாக. நான் படிக்க வந்தேன். எழுதி வச்சிருக்கதைப் படிக்கச் சொல்லிக் குடுங்க."

காரணமும் சொன்னார். ஒருமுறை திருப்பத்தூர் பேருந்து நிலையத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு ஆங்கிலப் பேப்பர் படித்த ஒருவரிடம் குன்றக்குடி பஸ் எது என்று கேட்டிருக்கிறார். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் கை காட்டிய பஸ், இவரைத் திருக்கோஷ்டியூரில் கொண்டுபோய் இறக்கியது.

"படிச்சவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு ஏறிட்டேன். போனது போனோம்னு பெருமாளைச் சேவிச்சுட்டு வந்தேன். ஆனா நானா நெனச்சுப் போகலையே தம்பி."

அவருக்காக நான் பாடத்திட்டத்தை மீறவேண்டியதாயிற்று. குறில் நெடிலுக்கு ஒரு மாதம், ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்புக்கு ஒரு மாதம். அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சோப்பு உறை, மருந்துச் சீட்டு, கண்ணீர் அஞ்சலி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டு எழுத்துக் கூட்டினார். ஊர் முகப்பில் ஒரு பிரமுகரின் பிறந்தநாள் பேனர் இருந்தது. அதில் 'வள்ளல்' என்று இருந்ததை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, "இவரா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

கிராம சபைக் கூட்டம் வந்தது. எங்கள் ஊரில் அதற்கென்று ஒரு முறை உண்டு. முதலில் பதிவேடு சுற்றி வரும். எல்லாரும் கையெழுத்துப் போடுவோம். பிறகு வடை, டீ. பிறகு வீடு. மக்களாட்சி அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்று காலை சமுதாயக் கூடத்தில் பதிவேடு என்னிடம் வந்தது. என் கையெழுத்து அழகாக இருக்கும். ஆங்கிலத்தில் ஒரு சுழி சுழித்து, கீழே இரண்டு கோடு இழுப்பேன். இழுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்த அக்காவிடம் கொடுத்தேன்.

அவர் அதை மடியில் வைத்து முந்தைய பக்கத்தைப் புரட்டினார்.

"அக்கா, இங்குட்டுப் போடணும் கையெழுத்து. அங்குட்டு என்ன பாக்குறீக?" என்றார் ஊராட்சிச் செயலர்.

"மேல என்னமோ எழுதியிருக்கே."

"அது சும்மா, தீர்மானம்."

"சும்மாவா இம்புட்டு நீளத்துக்கு எழுதினீக?" என்றவர் விரலை வைத்துச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். "ஊ... ரு... ணி..."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். தலைமையாசிரியை பெருமையோடு என்னைப் பார்த்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மூன்று வரிவரை இருந்தது.

கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடுகள் ஹோட்டல்களாவதைப் பார்த்து, எங்கள் ஊர் ஓரத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டையும் ஹோட்டல் ஆக்கியிருந்தார்கள். வருகிற கார்களை நிறுத்த இடம் போதவில்லை. அக்கா படித்த தீர்மானத்தின்படி, ஊருணியின் கீழ்க்கரையில் 'பயன்பாடின்றிக் கிடக்கும்' நிலத்தை அதற்குக் கொடுப்பது பற்றி நாங்கள் எல்லாரும் விவாதித்து, ஒருமனதாகத் தீர்மானித்திருந்தோம். அக்காவின் ஆடுகளும் ஊரில் பாதிப் பேரின் ஆடுமாடுகளும் மேய்வது அந்தக் கீழ்க்கரையில்தான். கூட்டம் இன்னும் தொடங்கவே இல்லை.

"தம்பி, ஒருமனதாகன்னா என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"எல்லாரும் சரின்னு சொன்னாகன்னு அர்த்தம்."

"எப்பச் சொன்னாக?"

நான் செயலரைப் பார்த்தேன். செயலர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நீங்க போட்டிருக்கீகளே" என்றார் அக்கா, என் இரண்டு கோடுகளின்மேல் விரலை வைத்து.

"நான் படிச்சுப் பாக்கலைக்கா."

"உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே."

குத்திக்காட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார். எம்.ஏ. வரை படித்ததில் இதற்கு விடை எங்கும் வரவில்லை.

முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வரிசையில் இருந்த என் மாணவிகளில் ஒருத்தி எழுந்துவந்து, தன் பெயரை அடித்துவிடச் சொன்னாள். பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்றார் செயலர். பேனாவை வாங்கி, தான் அரும்பாடுபட்டு வரையக் கற்ற பெயரைத் தானே அடித்தாள். அடுத்து இன்னொருத்தி. இப்படி ஏழெட்டுப் பேர். கடைசியில் நானும் போய் என்னுடையதை அடித்தேன். அடித்த பிறகும் அழகாகத்தான் இருந்தது.

தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் உட்கார இடமில்லை, ஆண்கள்கூட வந்திருந்தார்கள். யாரும் ஒத்துக்கொள்ளாததால் கைவிட்டார்கள். ஹோட்டல்காரர்கள் மெயின் ரோட்டில் மூடிக்கிடந்த அரிசி ஆலையின் களத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். சுற்றுலாவுக்கு ஒரு கேடும் வரவில்லை.

செயலர் மட்டும் என்னிடம் வருத்தப்பட்டார். "கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுக்கச் சொன்னா, படிக்கச் சொல்லிக் குடுத்துட்டீகளே" என்றார். எழுத்தறிவு பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசிய வேறொருவரை நான் இன்றுவரை சந்திக்கவில்லை.

பங்குனியில் தேர்வு வைத்தார்கள். இடையில் நின்றவர்களும் அன்று தவறாமல் வந்து பெயர் எழுதினார்கள். பதினேழு பேரும் தேர்ச்சி. அக்கா வரவில்லை. அவருடைய ஆடு அன்று குட்டி போட்டுக்கொண்டிருந்தது. மறுதேர்வு உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். ஆக, எங்கள் வகுப்பில் எழுத்தறிவு பெறாதவர் என்று பதிவானவர் அவர் ஒருவர்தான். அதை அவரிடம் சொன்னபோது, "ரெண்டு குட்டி தம்பி, ரெண்டும் கிடாய்" என்றார்.

அதன்பிறகு செயலரின் கையெழுத்து கெட்டுப்போனது. தீர்மானங்களை எறும்பு ஊர்ந்ததுபோல எழுதத் தொடங்கினார். போன கூட்டத்தில் அக்கா பதிவேட்டை நேராகவும் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்துவிட்டு அவரிடமே நீட்டினார்.

"எனக்குப் புரியலை. வாசிங்க."

அவர் வாசித்தார். இரண்டு இடத்தில் அவருக்கே புரியவில்லை. அந்த இரண்டு இடத்தையும் செயலர் எழுத்துக் கூட்டி முடிக்கும்வரை அக்கா பொறுமையாகக் காத்திருந்தார். வடை ஆறிப்போயிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.